யோகராணி கடையின் ஒல்லாந்துச் சீலை

கானாவில் இருந்துகொண்டு, மெல்பேர்ண் டண்டினொங்கில் கிடக்கிற சீலைக்கு விலை பேசுகிற ஒரு ஆச்சியைச் சந்திப்போம் என்று யோகராணி நினைத்திருக்கவில்லை.

ஆச்சியின் மகள் எஃபுவா தன் கைபேசியைச் சீலைச் சுவருக்கு எதிரே நீட்டிப் பிடிப்பாள். திரையில் முதலில் ஒரு நெற்றி தெரியும், பிறகு ஒரு காது தெரியும், கடைசியில்தான் முகம் வரும். முகம் வந்ததும் வியாபாரம் தொடங்கிவிடும். யோகராணி விலையைச் சொன்னதும் ஆச்சி நெஞ்சில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

"அம்மாவுக்கு மயக்கம் வருதாம்," என்பாள் எஃபுவா.

"தண்ணி குடுக்கச் சொல்லுங்கோ அக்கா. விலை உதுதான்."

ஆச்சியின் ஒரு கண் மெல்லத் திறக்கும். அந்தச் சிவப்பு ஏன் இவ்வளவு வெளிறிக் கிடக்கிறது, வெயிலில் வைத்தாயா என்று கேட்பார். வெயிலா, மெல்பேர்ணிலா என்று யோகராணி கேட்பாள். சமாதானம் வந்து முடிகிறபோது, காசு கொடுத்து வாங்கப்போகிற எஃபுவா மட்டும் கால் கடுக்க நடுவில் நிற்பாள்.

அவர்கள் எல்லோரும் பேசியது ஆங்கிலம்தான். யோகராணி வீட்டுக்கு வந்து கணவனுக்குக் கதை சொல்கிறபோது எஃபுவாவும் யாழ்ப்பாணத் தமிழே பேசுவாள். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

யோகராணியின் கடை டண்டினொங் சந்தைக்குப் பக்கத்தில், ஆப்கான் ரொட்டிக்கடைக்கும் கைபேசி திருத்துகிற கடைக்கும் நடுவில் ரெயில் பெட்டி போல நீளமாகக் கிடக்கிறது. முன்னால் சேலைகளும், அரங்கேற்றப் பிள்ளைகளுக்குத் தைக்கிற பட்டும். நடுவில் தையல் மெசின். பின்சுவர் முழுக்க ஒல்லாந்துச் சீலை. கண்ணைப் பறிக்கிற மஞ்சளும் நீலமுமாக, ஒன்றில் விசிறி, ஒன்றில் குருவி, ஒன்றில் மின்குமிழ். சேலை வாங்க வருகிற தமிழ்ப் பெண்கள் அதைத் தூரத்தில் நின்று பார்த்து, "உது ஆர் கட்டுறது?" என்று கேட்பார்கள். யோகராணிக்குச் சொல்லி அலுத்துவிட்டது. யாவாத் தீவில் கண்ட மெழுகு வேலைப்பாட்டை ஒல்லாந்தர் இயந்திரத்தில் அடித்துப் பார்த்தார்கள். அது யாவாவில் எடுபடவில்லை. மேற்கு ஆபிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சந்தைப் பெண்கள் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கும் கொக்கோ ஒல்லாந்துக்கு வருகிறது, சீலை கானாவுக்குப் போகிறது. நடுவில் ஒரு சின்னக் கொடி முளைத்து டண்டினொங்வரை நீண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தச் சந்தைப் பெண்களில் ஒருவர்தான் ஆச்சி. தக்கோராடிச் சந்தையில் ஒரு ஆயுள்காலம் சீலை விற்றவர். ஒல்லாந்திலிருந்து வருகிற சீலைக்கு எண்தான் இருக்கும். பெயர் வைப்பது சந்தைப் பெண்கள். பெயர் பிடித்தால் சீலை போகும், பிடிக்காவிட்டால் மூலையில் கிடக்கும். குருவிச் சீலைக்கு ஆச்சி வைத்த பெயர் 'மாமியார் பார்க்கிறா'. யோகராணி அதைக் கேட்ட நாளிலிருந்து அந்தச் சீலையை வேறு பெயரில் விற்றதில்லை.

யோகராணி மானிப்பாயில் பிறந்து, வன்னியில் கலியாணம் முடித்தவள். சயந்தினி கைக்குழந்தையாக இருந்தபோது மெல்பேர்ணுக்கு வந்தார்கள். கணவன் இந்திரகுமார் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான், இன்றும் அதே வேலைதான். அவள் பிஸ்கட் பெட்டி அடுக்கினாள், பிறகு வீட்டில் இருந்து தைத்தாள், பிறகு கடை. கவலைப்படுவதில் அவளுக்கு ஈடு இல்லை. கப்பல் வந்தால் பெட்டி நனைந்திருக்குமோ என்று கவலை. வராவிட்டால் சொல்லத் தேவையில்லை. கிளேட்டனில் பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகள் வகுப்பு முடிந்து ஒரு மெசேஜ் போடப் பிந்தினால், ரெயில் தண்டவாளம் முழுவதும் அவளுடைய கண்ணுக்குள் வந்துவிடும்.

எஃபுவா ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். சீருடையின் இடுப்பை இளக்கித் தரச் சொல்லித்தான் முதன்முதலில் வந்தாள். அளவு எடுத்தபோதே சேலைச் சட்டை வெட்டுகிற கை என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அடுத்த கிழமை ஒரு சீலையோடு வந்து, தங்கள் ஊர் மேற்சட்டை ஒன்றை இடுப்போடு பிடித்துத் தைத்துத் தரச் சொன்னாள். தைத்ததைப் போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குப் போனாள். அதற்கடுத்த கிழமை நான்கு பேர் வந்தார்கள்.

"சீலை எங்கயிருந்து எடுக்கிறனீங்கள்?" என்று யோகராணி கேட்க, ஒல்லாந்து என்றாள் எஃபுவா. தன் ஊர் எல்மினாவில் ஒல்லாந்தர் இருந்த கோட்டை இன்னும் நிற்கிறது என்றும் சொன்னாள்.

"எங்கட யாழ்ப்பாணத்திலயும் நிக்குது."

"அதே ஆக்களோ?"

"அதே ஆக்கள்தான்."

"அவையளிட்டயிருந்து கோட்டையை வாங்கேலாது. சீலையையாவது வாங்குவம்," என்றாள் எஃபுவா. அன்றைக்குத்தான் பின்சுவர் யோசனை பிறந்தது. ஒல்லாந்து மொத்தக் கடையில் பீற்றர் என்றொருவன். முதல் தடவை பேசுகிறபோதே யோகராணி மேசை இழுப்பறையை 'லாச்சி' என்று வாய்தவறிச் சொல்ல, அது தங்கள் ஒல்லாந்துச் சொல் அல்லவா என்று அவன் சிரித்தான். அதிலிருந்து நல்ல பழக்கம்.

யோகராணியிடம் ஒரு வழக்கம் உண்டு. கறுப்பு வெள்ளைச் சீலை எப்போதும் சாவுக்குத்தான் போகும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு வீட்டுக்குக் கறுப்பை மட்டும் கட்டிக் கொடுத்தனுப்ப அவளுக்கு மனம் வராது. ஆகவே பைக்குள் ஒரு முழம் சிவப்பு ரிபன் மடித்து வைத்துவிடுவாள். மங்களத்துக்கு. ஒருவரிடமும் சொன்னதில்லை, ஒருவரும் கேட்டதுமில்லை. எஃபுவாவின் தேவாலயத்தில் வயதானவர்கள் அதிகம். அவள் கறுப்பு வெள்ளை வாங்காத மாதம் குறைவு. ஒவ்வொரு பையிலும் ஒரு ரிபன் போனது. என்ன காரணமோ, அப்படி வாங்கிப் போன அடுத்த கிழமை எஃபுவா ஒரு ஏனத்தில் வாழைப்பழப் பொரியலோ, நிலக்கடலைக் குழம்போ கொண்டுவந்து மேசையில் வைப்பாள். "சாப்பிடு, சிஸ்டர். மெலிஞ்சு போறாய்." யோகராணி மெலிந்த சரித்திரமே கிடையாது.

இந்த வருடம் மாரி தொடங்க ஆச்சி காலமானார். தொண்ணூற்று நான்கு வயது. நித்திரையிலேயே போய்விட்டார். எஃபுவாவுக்கு அப்போதுதான் இடுப்பு எலும்பில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. விமானம் ஏறக்கூடாது என்றுவிட்டார் டொக்டர். ஊரில் அடக்கம் நடக்கிற அதே சனிக்கிழமை இங்கேயும் ஒரு ஹோல் எடுத்து, ஊர்ச் சனம் கூடிச் செய்வது என்று முடிவாயிற்று. எல்லாப் பெண்களும் ஒரே சீலையில் வரவேண்டும். கானாச் சங்கத் தலைவி சிட்னியில் ஒரு பெரிய கடையைச் சொன்னாள். எஃபுவா கேட்கவில்லை.

"அம்மா விலை பேசின கடையிலதான் அம்மாவுக்குச் சீலை," என்று யோகராணியிடம் வந்து சொன்னாள். "கறுப்பும் வெள்ளையும். நல்லதாப் பாத்து எடு. சனம் ஆடப்போகுது. தொண்ணூற்று நாலு எண்டால் சும்மாவே? கொண்டாட்டம்."

தொண்ணூற்று நாலு. கல்யாணச் சாவு, யோகராணிக்கு அதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை. பிரச்சினை பீற்றரிடமிருந்து வந்தது. கறுப்பு வெள்ளை முழுவதும் தேமா துறைமுகத்துக்குக் கப்பலேறிவிட்டது, கானாவுக்குக் கொடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு, அடுத்த அச்சடிப்புக்கு நாள் ஆகும் என்றான். கையில் இருப்பது இரண்டு. ஒன்று நீலமும் வெள்ளையும். மற்றது கருஞ்சிவப்பில் கறுப்புக் கொடி ஓடுகிற சீலை, அவர்களிடம் உள்ளதிலேயே உயர்ந்த ரகம்.

யோகராணி இரண்டு படங்களையும் மாறிமாறிப் பார்த்தாள். நீலமும் வெள்ளையும் பள்ளிக்கூட யூனிஃபோர்ம் மாதிரி இருந்தது. சிவப்பு, அடேயப்பா, கூறைச் சேலைக்குப் பக்கத்தில் வைக்கலாம். கொண்டாட்டம் என்று எஃபுவாவே சொன்னாள். வெளிறின சிவப்பைக் கண்டு கோபித்த ஆச்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"எஃபுவா அன்ரியைக் கேட்டீங்களா அம்மா?" என்றாள் சயந்தினி. ஒல்லாந்துக்கு மின்னஞ்சல் எழுதுவது அவள் பொறுப்பு.

"தாயைப் பறிகுடுத்திட்டு இருக்கிற மனுசியை இதுக்கு வேற அரிக்கோணுமே? கண்டவுடன சந்தோசப்படுவா."

"ஜஸ்ட் ஆஸ்க் ஹேர், அம்மா."

"நீ எழுது."

எதற்கும் கவலைப்படுகிற யோகராணி அந்த ஒரு விடயத்தில் மட்டும் கவலைப்படவில்லை.

விமானத்தில் வந்த பெட்டிகளை யோகராணி தானே உடைத்தாள். எஃபுவாவை வரச் சொல்லி, கதிரையில் இருத்தி, ஒரு சுருளை மேசையில் உருட்டிவிட்டாள். சிவப்பு கடைசி மூலைவரை ஓடிப்போய் நின்றது.

எஃபுவா ஊன்றுகோலில் இரண்டு கையையும் வைத்தபடி இருந்தாள். தொட்டுப் பார்க்கவில்லை.

"மற்றது எங்க?"

"கறுப்பு வெள்ளை முடிஞ்சுதாம் அக்கா. இது அதைவிட மேல் ரகம். அதே விலைதான், நான் பாத்துக்கொள்ளுவன்."

எஃபுவா ஊன்றுகோலை மேசையில் சாய்த்து வைத்தாள். பிறகு ஒரு பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். "சிஸ்டர், எங்கட ஊரில கருஞ்சிவப்புக் கட்டுறது காலத்துக்கு முந்திப் போனவைக்கு. இளம் பிள்ளையள், விபத்தில செத்தவை. அதுக்குத்தான் ஊர்ச்சனம் இதைக் கட்டும். தொண்ணூற்று நாலு வயதில போனவவுக்கு ஒரு ஹோல் நிறையச் சனம் இதைக் கட்டினால், ஆர் அந்த மனுசியைக் கொண்டது எண்டு கேப்பினம்."

யோகராணி சுருளை அவசரமாகச் சுற்றத் தொடங்கினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எஃபுவா எழும்பி, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, ஆப்கான் ரொட்டிக்கடையைத் தாண்டிப் போய்விட்டாள். போட்டு வாறன் என்று சொல்லவில்லை.

இரண்டு நாட்கள் யோகராணி சாப்பிட்டதாக இந்திரகுமாருக்கு ஞாபகமில்லை. சிட்னியில் டூங்கபியில் கடை வைத்திருக்கிற சத்தியபாமாவுக்குப் போன் அடித்தாள். "கறுப்பு வெள்ளை என்னட்ட ரெண்டு பேருக்குக் காணும். மிச்சத்துக்கு எங்கயடி போறது?" என்றாள் சத்தியபாமா. அந்தப் பெரிய கடைக்கும் அடித்தாள். அங்கேயும் தேமாக் கப்பல் கதைதான். பீற்றருக்கு அடித்தாள். அவன் பாவம், மன்னிப்புக் கேட்டான். யோகராணியின் பிழைக்கு ஒல்லாந்தர் மன்னிப்புக் கேட்டதுதான் மிச்சம்.

"சனம் கடைக்கு வராமல் விட்டால் விடட்டும்," என்றாள் கணவனிடம். "அந்த மனுசி என்ர கடையை நம்பித் தலைவியோட சண்டை பிடிச்சவ. அவவின்ர தாயின்ர செத்த வீட்டை நான் குழப்பிப்போட்டன்."

"நீ ஒருக்காப் போய்க் கதையன்," என்றான் இந்திரகுமார்.

"எந்த மூஞ்சையோட?"

போகத் தேவை வரவில்லை. மூன்றாம் நாள் கடை திறக்கிற நேரம் எஃபுவா வாசலில் நின்றாள். கையில் ஒரு பிஸ்கட் ரின். கதிரையில் இருந்து, மூடியைத் திறந்து மேசையில் கவிழ்த்தாள். சிவப்பு ரிபன்கள் கொட்டின. ஒன்றொன்றும் சுருட்டி, குண்டூசி குத்தியிருந்தது.

"இவ்வளவு காலமும் நீ பைக்குள்ள வைச்சது," என்றாள் எஃபுவா. "நான் கறுப்பு வெள்ளை வாங்குற நேரமெல்லாம் நீ சிவப்பு வைச்சாய். நான் வேற சீலை வாங்கினால் வைக்கேல்லை. நான் நினைச்சன், இந்தப் பிள்ளைக்கு ஆரோ காலத்துக்கு முந்திப் போயிருக்கினம், வாயால சொல்ல ஏலாமல் என்னட்டச் சொல்லி அனுப்புது எண்டு. இன்னொருத்தரின்ர துக்கத்தைக் குப்பையில போடலாமோ? வைச்சிருந்தன்."

அப்போதுதான் யோகராணிக்கு வாழைப்பழப் பொரியல் விளங்கியது, நிலக்கடலைக் குழம்பும் விளங்கியது.

"அது மங்களத்துக்கு அக்கா," என்றாள் மெல்ல. "எங்கட ஆக்களுக்குச் சிவப்பு நல்லது. கலியாணச் சேலை சிவப்பு. உங்கட வீட்டுக்கு ஒரு நல்லது நடக்கட்டும் எண்டுதான்."

எஃபுவா அவளைப் பார்த்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தாள். யோகராணிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

"அப்ப நான் சும்மாவோ உனக்கு இவ்வளவு சமைச்சுக் கொண்டு வந்தனான்? உனக்கு ஒருத்தரும் சாகேல்லையோ?"

யோகராணி ஒரு ரிபனை எடுத்துச் சுருளைப் பிரித்தாள். மறுபடி சுருட்டினாள்.

"அம்மா," என்றாள். "வன்னியில, கடைசிச் சண்டைக்குள்ள. எங்களுக்கு அப்ப விசா கிடைக்கேல்லை. போனால் திரும்பி வரேலாது. போறதுக்குப் பாதையும் இல்லை. செய்தி வந்து சேரேக்க அந்தியேட்டிக்குரிய முப்பத்தோராம் நாளும் கழிஞ்சு போச்சு. தலையில தண்ணியை ஊத்திக்கொண்டு நான் பிஸ்கட் அடுக்கப் போனனான். லீவு கேக்கப் பயம். வேலை போயிடும் எண்டு."

"எத்தினை வயது?"

"அம்பத்தாறு. அம்மா சிவப்புப் பொட்டுப் பெரிசா வைப்பா." அதை ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

எஃபுவா சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த சிவப்புச் சுருளை இழுத்துத் தன் மடிமேல் போட்டு, முதன்முறையாகக் கையால் தடவினாள். நூலை நிமிண்டிப் பார்த்தாள், அவள் தாய் பார்த்திருப்பது போலவே.

"எனக்கு எல்லாரும் வாழ்த்துச் சொல்லுகினம்," என்றாள். "தொண்ணூற்று நாலு, குடுத்து வைச்சவ, ஆடு பாடு எண்டு. போனிலயும் அதுதான், கோயிலிலயும் அதுதான். உனக்கு இனி அம்மா இல்லை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அண்டைக்கு உன்ர மேசையில இதைக் கண்ட நேரம்தான் எனக்கு அது விளங்கினது. கோபத்தில போகேல்லை, சிஸ்டர். றோட்டில அழுதால் விழுந்திடுவன் எண்டு பயந்துதான் கெதியாப் போனனான்."

யோகராணி கையிலிருந்த ரிபனில் குண்டூசியைத் திருப்பிக் குத்தினாள்.

"சனிக்கிழமைக்கு மற்றச் சனம் என்ன கட்டுறது அக்கா?"

"கறுப்பு வெள்ளை இல்லாத கானாக்காரியின்ர அலுமாரி எங்க இருக்கு? ஆளாளுக்கு வைச்சிருக்கிறதைக் கட்டட்டும். எல்லாம் வேற வேற பூவா இருக்கும். அம்மா இருந்திருந்தால் நிண்டு ஒவ்வொண்டா விலை கேட்டிருப்பா. தலைவியை நான் சமாளிக்கிறன். வயது எத்தினை எண்டாலும் நெருங்கின சொந்தம் சிவப்புக் கட்டலாம், அதை ஒருத்தரும் பிழை சொல்லேலாது. எனக்கு ஒண்டு, என்ர மகளுக்கு ஒண்டு வெட்டு." கொஞ்சம் நிறுத்தி, கையை நீட்டினாள். "அளவு நாடாவைத் தா."

"உங்கட அளவு என்னட்ட இருக்குத்தானே."

"எனக்கில்லை. எழும்பி நில்."

இத்தனை வருடங்களில் அந்தக் கடைக்குள் யோகராணியை யாரும் அளந்ததில்லை. எஃபுவா கதிரையில் இருந்தபடியே தோளை அளந்தாள், கையை அளந்தாள், இடுப்பை அளந்து, "மெலிஞ்சுதான் போனாய்," என்று பொய் சொன்னாள். யோகராணி அசையாமல், பள்ளிக்கூடப் பிள்ளை போல நின்றாள். உள்ளே ஒரு கவலை ஓடியது. செத்த வீட்டுக்குச் சிவப்பு. சனம் என்ன சொல்லும், சத்தியபாமா கேள்விப்பட்டால் என்ன சொல்லுவாள், சாமிக்கு அடுக்குமோ? ஓடட்டும் என்று அதை விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. இந்திரகுமார் கறுப்புக் கோட்டுப் போட்டுக் காரை உறுமவிட்டு இருந்தான். பின் கதிரையில் சயந்தினி, வெள்ளைச் சட்டையில். தாய் கதவைச் சாத்திக்கொண்டு வருவதைக் கண்டதும் அவள் கைபேசியைக் கீழே வைத்தாள்.

யோகராணி கருஞ்சிவப்பில் வந்தாள். எஃபுவாவின் ஊர் மேற்சட்டை, அதே சீலையில் பாவாடை, தலையில் அதே சீலைக் கட்டு. நெற்றியில் பொட்டுப் பெரிதாக இருந்தது.

"என்னப்பா, செத்த வீட்டுக்கெல்லே வெளிக்கிட்டனாங்கள்?" என்றான் இந்திரகுமார். "கலியாண வீடு எண்டு நினைச்சிட்டியோ?"

"செத்த வீடுதான்," என்று ஏறி இருந்து சீற் பெல்ற்றைக் கொழுவினாள். "கானா ஆச்சிக்கு. எங்கட அம்மாவுக்கும்."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு தன் கோட்டைச் சரிசெய்துகொண்டான். சயந்தினி பின்னாலிருந்து கையை நீட்டி, தாயின் தலைக்கட்டில் வெளியே வந்திருந்த ஒரு முனையை உள்ளே செருகிவிட்டாள்.

"காரை எடுங்கோ," என்றாள் யோகராணி. "ஸ்பிரிங்வேல் றோட்டில இந்த நேரம் நெரிசலா இருக்கும். பிந்திப் போனால் அந்தத் தலைவி வாசலிலயே நிப்பா."